பொன்னை உரைத்துப் பார்த்த ஊரில்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையால் ஊர்ச்சபையைத் தேர்ந்த வரலாறு அவற்றில் இருப்பதால் பள்ளிப் பிள்ளைகளும் அவற்றை அறிவர். ஆனால் அக்கல்வெட்டுகள் குறிப்பிடும் வாரியங்களுள் ஒன்று எப்போதும் நம் கருத்தைக் கவரும். ஏரியைக் காக்க ஏரி வாரியம்; தோட்டத்தைப் பேணத் தோட்ட வாரியம்; அவற்றோடு பொன் வாரியம். பொன்னின் மாற்றை ஆய்ந்து கூறும் பொறுப்பு அதனுடையது. மின்னுவதெல்லாம் பொன்னாகாது என்பதை அறிந்து, அதற்கென்று ஆள்களையும் நியமித்த ஊர் இது.

அந்த ஊரை அடுத்த சிற்றூர்களில் பங்குப்பணி ஆற்றும் நாம், ஒரு சுரூபத்தின் மாற்றை உரைத்துப் பார்க்கத் தவறினோம். கலையைப் பற்றி எழுதப் புகுமுன் அதைச் சொல்லிவிடுவதே முறை.

நம் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில், மரத்தால் செய்த பழைய வியாகுல மாதா சுரூபம் இருந்தது. உயரம் இரண்டரை அடி. செதுக்கியவர் யார் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. வண்ணம் மங்கி, சேலை மடிப்புகளில் மரம் வெளியே தெரிந்தது. திருவிழா நெருங்கியபோது இளைஞர்கள் வந்து, 'மாதா பழசா இருக்காங்க சாமி, பெயிண்ட் அடிச்சிடலாம்' என்றார்கள். நாமும் இசைந்தோம். நகரத்திலிருந்து வந்த ஓவியர் உப்புத்தாளால் தேய்த்து, பள்ளங்களை மக்கு வைத்து நிரப்பி, எனாமல் பூசினார். நீலச் சேலை, பொன் கரை, சிவந்த உதடு, கறுத்த புருவம். தேரில் விளக்கொளி பட்டபோது மாதா பளபளத்தார்கள். ஊரே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம்.

மறுநாள் திருப்பலி முடிந்தபின், எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி பீடத்தருகே நெடுநேரம் நின்றார். பிறகு நம்மிடம் வந்து, 'சாமி, மாதா இப்ப அழல' என்றார்.

முதியவரின் பேச்சென்று சிரித்து வைத்தோம். அவர் சென்றபின் அருகில் போய்ப் பார்த்தோம். உபதேசியார் வீட்டில் இருந்த பழைய நிழற்படம் ஒன்றை வாங்கி ஒப்பிட்டோம். பழைய முகத்தில் கீழ் இமைகள் சற்றே வீங்கியிருந்தன. இடக் கண்ணின் ஓரத்திலிருந்து கன்னம்வரை உளியால் மெல்லிய பள்ளம் ஒன்று இழுக்கப்பட்டிருந்தது. கண்ணீரை வண்ணத்தால் வரையாமல், மரத்தை எடுத்தே காட்டியிருக்கிறான் அந்தப் பெயரறியாத தச்சன். விளக்கின் நிழல் அதில் விழும்போது அது கண்ணீராகும். அந்தப் பள்ளத்தைத்தான் மக்கு நிரப்பியிருந்தது. இமையின் வீக்கத்தை உப்புத்தாள் தேய்த்திருந்தது.

ஓவியரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. சொன்ன வேலையை அவர் செவ்வனே செய்தார். அறுபது ஆண்டுகளாக அந்த முகத்தைப் பார்த்து வந்தவர் அந்தப் பாட்டி. ஆறு ஆண்டுகளாக அதன்முன் பலி நிறைவேற்றியும் ஒரு முறையும் பாராதவர் நாம். இக்கட்டுரை அங்கிருந்தே பிறக்கிறது.

மதிப்பிட அறியாதவர்களா நம் மக்கள்?

'கலையை மதிப்பிடுவது கற்றவர்க்குரியது. நமக்கு பக்தி போதும்' என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். இது தவறு. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் அமர்ந்த எவரிடமும் ஒரு சேலையைக் கொடுத்துப் பாருங்கள். அவர் முந்தானையின் பளபளப்பில் மயங்கமாட்டார். முதலில் உட்புறத்தைத் திருப்புவார். உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவுவார். சரிகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அதன்பிறகே வாய் திறப்பார். நெல்லை உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்க்கும் உழவரும் அப்படியே. அவசரப்படாமல் பார்ப்பது, பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று அறிவது, செய்நேர்த்தியைச் சோதிப்பது, இறுதியாகவே விலை சொல்வது. இவ்வொழுங்கு நம் மக்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. கோயிலுக்குள் நுழையும்போது மட்டும் அதைச் செருப்போடு வெளியே விட்டுவிடுகிறோம்.

குருமடத்தில் நாம் பயின்ற நாள்களில், அழகுக்குப் புனித தாமஸ் அக்குவினாஸ் கூறிய மூன்று இலக்கணங்களை மனப்பாடம் செய்தோம்: முழுமை, இயைபு, தெளிவொளி. தம் இறையியல் பெருந்தொகையில் இறைமகனைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் அவர் இவற்றைச் சொல்கிறார். அவ்விடத்திலேயே இன்னொன்றும் சொல்கிறார்: அழகற்ற ஒன்றைக் காட்டும் உருவமும், அதைக் குறைவறக் காட்டுமானால் அழகியதே. வியாகுல மாதாவின் வீங்கிய இமைக்கு இதைவிடச் சிறந்த வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் இம்மூன்று சொற்களும் தேர்வுத்தாளில் எழுதிய அளவில் நின்றுவிட்டன. அவற்றைக் கண்ணால் கற்க நமக்கு மூன்று படைப்புகள் துணையாயின.

முழுமை: காஞ்சியில் எஞ்சிய கோடு

உத்திரமேரூரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் காஞ்சி கைலாசநாதர் கோயில் உள்ளது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த மணற்கல் கோயில். அதன் திருச்சுற்றைச் சூழ்ந்து 58 சிற்றாலயங்கள் உள்ளன. அவற்றின் உட்சுவர்களில் பல்லவர் கால ஓவியங்கள் எஞ்சியிருப்பதை, புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் 1931இல் உலகறியச் செய்தார்.

அங்குள்ள சோமாஸ்கந்தர் ஓவியத்தின் முன் நின்றால் முதலில் ஏமாற்றமே தோன்றும். சிவனும் உமையும் அமர்ந்திருக்க, இடையே குழந்தை கந்தன். ஆனால் நிறம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. உருவங்கள் ஆங்காங்கே துண்டுபட்டு நிற்கின்றன. எஞ்சியது கோடு. பொறுமையோடு நின்றால் அக்கோடு நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. வளையும் இடத்தில் மெலிந்தும், பாரம் தாங்கும் இடத்தில் தடித்தும் செல்லும் அந்த ஒரே கோட்டில், உடலின் கனமும் அமர்வின் நிம்மதியும் தெரிகின்றன. அழிந்த பகுதியை நம் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. எஞ்சியது அதற்கு வழி சொல்கிறது.

அதே கோயிலின் மணற்கல் சிற்பங்கள் பலவற்றுக்குப் பிற்காலத்தில் சுதை பூசப்பட்டது. தேய்வதைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் சுதை உதிர்ந்து, அடியில் கல் தெரியும் இடத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே உப்பிய கன்னம். அடியில் உளி நிறுத்திய இடம் தெரிந்து நிறுத்திய கன்னம். பூசியவர் உருவத்தை முழுமையாக்கினார். ஆனால் முழுமையைக் கெடுத்தார்.

இங்கே முதல் பாடம். முழுமை என்பது ஒன்றும் உடையாமல் இருப்பதன்று. படைத்தவன் சொல்ல வந்தது குறையாமல் நிற்பதே முழுமை. பாதி அழிந்த சோமாஸ்கந்தருக்கு அது உண்டு. விரல் ஒன்றும் உடையாத நம் எனாமல் மாதாவுக்கு அது இல்லை.

'பிற சமயத்தார் கோயிலில் குருவானவருக்கு என்ன பாடம்?' என்று கேட்பவர்க்கும் ஒரு சொல். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. வழிபாடு வேறு, ஒரு கைவினைஞனின் நேர்மையைக் கண்டு தலைவணங்குவது வேறு. மேலும், இராசசிம்மன் காஞ்சியில் சுவர்களுக்கு வண்ணம் தீட்டுவித்த தலைமுறையை ஒட்டியே, கான்ஸ்டாண்டிநோபிள் பேரரசில் கிறிஸ்தவர்களே கிறிஸ்துவின் திருவுருவங்களை உடைக்கத் தொடங்கினர் என்பதையும் நினைவில் கொள்வோம். அந்தப் பூசல் தீர, 787இல் இரண்டாம் நீசேயா சங்கம் கூடவேண்டியிருந்தது. உருவத்துக்குச் செய்யும் வணக்கம் உருவத்தில் நிற்பதில்லை, அது காட்டும் ஆளைச் சென்றடைகிறது என்பது அச்சங்கத்தின் தீர்ப்பு. அப்படியானால் உருவம் ஒரு வாயில். வாயிலைப் பளபளப்பாக்கி அடைத்துவிட்டால் உள்ளே போவது எப்படி?

இயைபு: நழுவும் காலணி

சதா சகாய மாதா படம் இல்லாத கத்தோலிக்க இல்லம் நம் நாட்டில் அரிது. அதன் மூலம் கிரேத்துத் தீவின் மரபைச் சேர்ந்த, மரப்பலகையில் தீட்டிய திருவோவியம். 1866 முதல் உரோமையில் இரட்சகர் சபையாரின் புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. நாள்காட்டியில், பேருந்தில், பணப்பையில் அன்றாடம் கண்டும், நாம் அதைப் பார்த்ததுண்டா?

பொன்னிறப் பின்னணி. மேலே இருபுறமும் இரு வானதூதர். ஒருவர் கையில் ஈட்டியும் கடற்காளான் செருகிய கோலும். மற்றவர் கையில் சிலுவையும் ஆணிகளும். குழந்தை இயேசு தலையைத் திருப்பிச் சிலுவையின் பக்கம் பார்க்கிறார். பாடுகளின் கருவிகளைக் கண்ட அச்சத்தில் தாயிடம் ஓடிவந்திருக்கிறார். இரு கைகளாலும் தாயின் ஒரு கையைப் பற்றியிருக்கிறார். ஓடிவந்த வேகத்தில் ஒரு காலணி கழன்று, வாரில் தொங்குகிறது. தாயோ குழந்தையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார்.

'குழந்தைக்கு வளர்ந்தவர் முகம். மாதாவுக்கு நீண்ட மூக்கும் விரல்களும். அளவு சரியில்லை' என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நிழற்படத்தின் அளவுகோலை எடுத்து வந்தால் அப்படித்தான் தோன்றும். இயைபு என்பது உறுப்புகள் உலகத்து உடலோடு ஒத்திருப்பது மட்டுமன்று. அவை ஒன்றோடொன்றும், தாம் எடுத்துக்கொண்ட நோக்கத்தோடும் ஒத்திருப்பது. இப்படத்தில் ஈட்டி, திரும்பிய தலை, பற்றிய கைகள், தொங்கும் காலணி என ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் காரணமாகிறது. காரணத் தொடர் முழுவதும் தாயின் கண்களில் வந்து நின்று, அங்கிருந்து நம்மிடம் வருகிறது. 'இவரை என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்கும் பார்வை அது. அந்தக் குழந்தையை நம்மை நோக்கிப் புன்னகைக்கும்படி மாற்றி வரைந்தால் படம் இனிமையாகும். ஆனால் காலணி நழுவுவதற்குக் காரணம் போய்விடும். ஓர் உறுப்பை அழகாக்கியதால் படம் பொய்யாகிவிடும்.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மலிவான அச்சை ஏளனம் செய்வது கற்றவர்க்கு எளிது. வண்ணம் வழிந்த நாள்காட்டித் தாளிலும் இந்த ஓவியத்தின் இயைபு குலைவதில்லை. மலிவு ஒரு குற்றமன்று. கூரை வீட்டில் தாள் படத்தின்முன் செபிக்கும் குடும்பம், பளிங்குப் பீடத்தின்முன் நிற்பவரைவிடக் குறைந்ததைப் பார்க்கவில்லை. நாம் கண்டிப்பது மலிவை அன்று, பொய்யை.

தெளிவொளி: மலர்ந்த சிலுவை

சென்னைப் பரங்கிமலைக் கோயிலின் பீடத்தில் உள்ள கற்சிலுவையை நம்மில் பலர் முத்தி செய்திருப்போம். 1547இல் போர்த்துக்கீசியர் அங்கே அகழ்ந்தபோது வெளிப்பட்டது. சுற்றிலும் பகலவி மொழி எழுத்துகள் உள்ளன. அவற்றின் பொருள்பற்றி அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. புனித தோமையாரோடு அதை இணைக்கும் மரபும், அது இரத்தம் வியர்த்ததாகக் கூறும் மரபும் உண்டு. அம்மரபுகள் பக்தியின் வரலாற்றுக்கு உரியவை. படைப்பை மதிப்பிடுகையில் அவற்றைச் சற்றே ஒதுக்கிவிட்டுக் கல்லை மட்டும் பார்ப்போம்.

பாடுபட்ட உடல் அதில் இல்லை. ஆணி இல்லை, முள்முடி இல்லை. சிலுவையின் கைகள் நுனியில் மொட்டுகளாக விரிகின்றன. அடியில் இலைகள் கிளைக்கின்றன. மேலே ஒரு பறவை தலைகீழாக இறங்குகிறது. கொலைக் கருவி ஒன்று மரமாகித் தளிர்க்கிறது; ஆவியானவர் அதன்மீது இறங்குகிறார். உயிர்ப்பின் இறையியல் முழுவதும் ஒரு கல்லில், நிறமின்றி, தங்க முலாமின்றி. எழுத்தை அறிஞரும் எளிதில் படிக்க இயலவில்லை. உருவத்தையோ எழுத்தறியாதவரும் படித்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குத் திருவுருவமே நூல் என்ற கருத்தில் பெரிய புனித கிரகோரியார் கி.பி. 600ஐ ஒட்டி மார்செய் நகர் ஆயருக்கு எழுதியது இத்தகைய கல்லின்முன் நன்கு விளங்கும்.

தெளிவொளி வேறு, பளபளப்பு வேறு. பளபளப்பு சீரியல் விளக்கிலிருந்து கடன் வாங்கியது. விளக்கை அணைத்தால் போய்விடும். தெளிவொளி உருவத்தின் உள்ளிருந்து வருவது. மங்கிய மரத்தில் ஒரு பள்ளமாக இருந்த கண்ணீரும் அத்தகையதே.

புதியதை எப்படி ஏற்பது?

இவ்வளவும் சொன்னபின், 'பழையதே நல்லது' என்று நாம் கூறுவதாக எண்ண வேண்டாம். சென்னை கலைக்கல்லூரி மரபில் வந்த சிற்பி தனபால் பெரியாரின் உருவத்தையும் வடித்தார், கிறிஸ்துவையும் வடித்தார். பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து, கம்பிகளைப் பற்றவைத்து, முன்புறம் மட்டுமே கொண்ட உருவங்களை அமைத்தார். கிறிஸ்துவும் அவற்றுள் உண்டு. கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் உலோகக் கவசத்திலிருந்து அவர் கற்ற முறை அது. முதற்பார்வைக்கு அவ்வுருவம் நமக்கு அந்நியமாய்த் தோன்றும். வெளிர்நிற மேனியும் சுருள் தாடியுமே கிறிஸ்து என்று நம் கண் பழகியிருக்கிறது. ஆனால் அந்தப் பழக்கமும் ஒரு காலத்தில் வேற்று நாட்டிலிருந்து வந்ததுதான். நம் ஊர்க் கம்மியன் அடித்த தகடுபோல் தழும்பேறிய ஒரு முகத்தில் பாடுகளைக் காண்பது, இத்தாலியப் பளிங்கில் காண்பதைவிட நமக்கு அண்மையானது என்றே கருதுகிறோம். தகட்டுச் சிற்பத்துக்கு ஒரு வரம்பும் உண்டு: கோடும் அணியும் மிகும்போது முகம் ஒப்பனையாகிவிடும் இடர். அப்போதும் அதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

திருவழிபாட்டைப் பற்றிய வத்திக்கான் சங்க ஏடு (1963) எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதெனக் கொண்டதில்லை என்கிறது. ஆடம்பரத்தைவிட உயரிய அழகையே நாடவேண்டும் என்கிறது. மதிப்புமிக்க படைப்புகளைக் கைவிடாமல் காக்கச் சொல்கிறது. அதன் 129ஆம் எண், குருமாணவர்களுக்குத் திருக்கலையின் வரலாறும் கொள்கைகளும் கற்பிக்கப்படவேண்டும் என்று பணிக்கிறது. அந்த எண்ணை நாம் படித்திருக்கிறோம்; அடிக்கோடும் இட்டிருக்கிறோம். பிறகு எனாமல் பூச அனுமதி கொடுத்தோம்.

ஒரு மணி நேரம்

மரவேலை அறிந்த ஒருவரிடம் மாதா சுரூபத்தைக் காட்டிக் கேட்டோம். எனாமலை நீக்கலாம், மக்கையும் எடுக்கலாம்; உப்புத்தாள் தின்ற மரம் திரும்பி வராது என்றார். ஆகவே அந்த இமைகள் இனி இல்லை.

சென்ற தவக்காலத்தில் வேறொரு கிளைக் கிராமத்தில் அதே வேண்டுகோள் எழுந்தது. இம்முறை பாடுபட்ட சுரூபம், மரம், பழையது. அதை எடுத்துவிட்டு ஃபைபர் சுரூபம் வாங்கித் தர ஒரு நல்ல மனிதர் முன்வந்தார். நாம் உடனே விடை கூறவில்லை. சுரூபத்தை இறக்கி, கதவோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து, ஊராரை ஒரு மணி நேரம் சுற்றி அமரச் செய்தோம். 'நல்லதா, கெட்டதா என்று சொல்லாதீர்கள். என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்லுங்கள்' என்று வேண்டினோம். முதல் கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு நெசவாளர், விலா எலும்புகள் இருபுறமும் ஒரே அளவில் இல்லை, உடல் ஒருபுறம் தொய்கிறது என்றார். வயல்வேலை செய்யும் ஒரு பெண், 'பாரம் தூக்கினவங்களுக்கு இப்படித்தான் தோள் இறங்கும்' என்றார். ஒரு சிறுவன் இடது பாதத்தில் மட்டும் விரல்கள் தேய்ந்திருப்பதைக் காட்டினான். அது சிற்பியின் வேலையன்று. தலைமுறைகளாக முத்தி செய்த உதடுகளின் வேலை. அதையும் படைப்பின் பகுதியாகக் கொள்வதா என்று நெடுநேரம் வாதிட்டார்கள். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தூசியைத் துடைத்து, கரையானுக்கு மருந்திட்டு, சுரூபத்தை அதன் இடத்திலேயே வைப்பது என்று முடிவாயிற்று. நன்கொடையாளர் சற்று வருந்தினார். அவர் பணம் கோயில் கூரைக்கு உதவிற்று. இளைஞர்களுக்கு முழு நிறைவில்லை. சுற்றிலும் சீரியல் விளக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். போட்டுக்கொள்ளுங்கள் என்றோம். விளக்கைக் கழற்றிவிடலாம்.

வாசகர்களை ஒன்று வேண்டுகிறோம். இன்று மாலை செபத்துக்கு முன், உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள படத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். புகழவும் வேண்டாம், குறை சொல்லவும் வேண்டாம். யார் எங்கே பார்க்கிறார், கை என்ன செய்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரையும் கேளுங்கள். நாம் கேட்க நேர்ந்தது ஒரு நாள் பிந்தி.